கூரைக்குக் கீழே மூன்று செப்டம்பர்கள்

மதுரையில் டென்னிஸ் பழகும் பிள்ளைகளுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று சித்திரை வெயில், இன்னொன்று ஐப்பசி மழை. வெயிலுக்குப் பயந்தால் விடியற்காலையிலேயே மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். மழையை ஒன்றும் செய்ய முடியாது. தரையில் தண்ணீர் தேங்கிவிட்டால் அன்றைய ஆட்டம் அவ்வளவுதான். மழைக்கும் வெயிலுக்கும் கவலைப்படாமல் கூரைக்குக் கீழே டென்னிஸ் ஆடுவதெல்லாம் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு டிவியில் பார்க்கிற சமாச்சாரம்.

ஆனால் இந்தியாவிலும் அப்படி ஒரு போட்டி நடந்திருக்கிறது. அதுவும் பெண்களுக்கான தொழில்முறைப் போட்டி. உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த ஒருவரே வந்து ஆடினார். 2005, 2006, 2007 என்று மூன்று செப்டம்பர் மாதங்கள் கொல்கத்தாவில் நடந்தது. பிறகு காணாமல் போனது. அதன் பெயர் சன்ஃபீஸ்ட் ஓபன். இன்று அதை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு.

மூன்றே ஆண்டு நடந்த போட்டிக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை தேவையா? தேவைதான். ஒரு போட்டி ஊருக்கு வந்தால் என்ன கிடைக்கிறது, போய்விட்டால் என்ன நஷ்டம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இந்தியாவில் இல்லை.

ஒரு டாலர் ஒப்பந்தமும் ஒரு சிகரெட்டும்

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து ஆரம்பிப்போம்.

1970-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடக்கவிருந்த ஒரு போட்டியில் ஆண்களில் ஜெயிப்பவருக்கு 12,500 டாலர். பெண்களில் ஜெயிப்பவருக்கு 1,500 டாலர். கிட்டத்தட்ட எட்டு மடங்கு வித்தியாசம்! பில்லி ஜீன் கிங் உள்ளிட்ட ஒன்பது வீராங்கனைகள் இதை ஏற்கவில்லை. கிளாடிஸ் ஹெல்ட்மேன் என்ற டென்னிஸ் பத்திரிகை ஆசிரியர் ஹூஸ்டன் நகரத்தில் அவர்களுக்காகவே தனியாக ஒரு போட்டி நடத்தினார். 1970 செப்டம்பர் 23-ம் தேதி அந்த ஒன்பது பேரும் ஆளுக்கு ஒரு டாலருக்கு அவரிடம் ஒப்பந்தம் போட்டார்கள். பெண்கள் டென்னிஸ் தனிக்குடித்தனம் போன நாள் அதுதான்.

பணம் எங்கிருந்து வந்தது? சிகரெட் கம்பெனியிலிருந்து. ஃபிலிப் மோரிஸ் நிறுவனம் பெண்களைக் குறிவைத்து விற்ற 'வெர்ஜீனியா ஸ்லிம்ஸ்' என்ற சிகரெட்டின் பெயரில்தான் 1971 முதல் பெண்களுக்கான தொடர் போட்டிகள் நடந்தன. அந்த ஆண்டே பில்லி ஜீன் கிங் பரிசாக ஒரு லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தார். ஒரே ஆண்டில் அவ்வளவு சம்பாதித்த முதல் விளையாட்டு வீராங்கனை அவர்தான்.

இந்தத் தொடரில் பல போட்டிகள் கூரைக்குக் கீழே நடந்தன. காரணம் எளிது. ஜனவரி, பிப்ரவரியில் அமெரிக்காவின் பல ஊர்களில் பனி கொட்டும், வெளியே ஆட முடியாது. கூடைப்பந்து அரங்கங்களிலும் மாநாட்டு மண்டபங்களிலும் தரையில் தற்காலிக விரிப்பைப் போட்டு ஆடினார்கள். 1973 செப்டம்பர் 20-ல் பில்லி ஜீன் கிங், 55 வயது பாபி ரிக்ஸை 6-4, 6-3, 6-3 என்று தோற்கடித்த புகழ்பெற்ற ஆட்டமும் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் என்ற கூரை போட்ட அரங்கத்தில்தான் நடந்தது. பார்க்க வந்தவர்கள் 30,472 பேர். அதே 1973-ல்தான் டபிள்யூ.டி.ஏ. என்கிற பெண்கள் டென்னிஸ் சங்கமும் பிறந்தது. ஆண்டு முடிவில் சிறந்த வீராங்கனைகள் மோதும் பெரிய போட்டி 1979 முதல் 2000 வரை நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் நடந்தது. அதுவும் கூரைக்குக் கீழேதான்.

ஆக, பெண்கள் டென்னிஸ் தன் காலில் நின்றதில் கூரைக்குப் பெரிய பங்கு உண்டு.

கூரை என்ன செய்கிறது?

கூரை என்றால் மழைக்கு ஒதுங்குகிற இடம் மட்டுமில்லை, ஆட்டத்தின் குணமே மாறுகிறது. காற்று கிடையாது, கண்ணில் அடிக்கிற சூரியன் கிடையாது. சர்வீஸ் போட பந்தை மேலே தூக்கினால் தூக்கின இடத்துக்கே வந்து நிற்கும். பந்தைத் தட்டையாக, வேகமாக அடிப்பவர்களுக்குக் கொண்டாட்டம். காற்றை நம்பி, வெயிலை நம்பி, எதிராளியைக் களைப்படைய வைத்து ஜெயிக்கலாம் என்று நினைப்பவர்களுக்குத் திண்டாட்டம். பந்து மட்டையில் படுகிற சத்தம் சுவரில் மோதித் திரும்பி வரும். கூட்டம் கத்தினாலும் அப்படித்தான். ஐயாயிரம் பேர் கத்தினால் இருபதாயிரம் பேர் கத்துவதுபோல இருக்கும்!

முன்பெல்லாம் உள்ளரங்குகளில் 'கார்பெட்' என்ற ஜமுக்காளம் போன்ற விரிப்பின் மேல் ஆடினார்கள். பந்து வழுக்கிக்கொண்டு போகும். ஆண்களுக்கான பெரிய போட்டிகளில் 2009-ல் அதைக் கைவிட்டார்கள். பெண்களுக்கான போட்டிகளில் கனடாவின் கியூபெக் நகரில் 2018 வரைக்கும் தாக்குப்பிடித்தது. இப்போது உள்ளரங்கிலும் பெரும்பாலும் கெட்டித்தரைதான்.

போட்டி நடத்துபவர்களுக்குக் கூரையால் இன்னொரு லாபம் இருக்கிறது. டிக்கெட் வாங்கியவரும் டிவி சேனலும் விளம்பரதாரரும், இத்தனை மணிக்கு ஆட்டம் என்றால் அத்தனை மணிக்கு ஆட்டம் நடக்கும் என்று நம்பலாம். கொல்கத்தாவின் செப்டம்பர் மழை தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

முதலில் ஹைதராபாத்

கொல்கத்தாவுக்குப் போவதற்கு முன்னால் ஹைதராபாத்துக்குப் போக வேண்டும். இந்தியாவில் டபிள்யூ.டி.ஏ. போட்டி முதலில் நடந்தது அங்கேதான், 2003-ல். அது திறந்தவெளிப் போட்டி. தரவரிசையில் கீழ்த்தட்டு.

அதற்கு முன்னால் ஆட வந்த பெண்களுக்குச் சொந்த நாட்டில் இப்படி ஒரு வாசலே இல்லை. கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன் 1998 ஆஸ்திரேலிய ஓபனில் இத்தாலியின் குளோரியா பிட்சிகினியைத் தோற்கடித்தார். கிராண்ட்ஸ்லாம் போட்டியின் பிரதான சுற்றில் நவீன காலத்தில் ஜெயித்த முதல் இந்தியப் பெண் அவர். அந்த இடத்துக்குப் போக வேண்டிய தரவரிசைப் புள்ளிகள் அத்தனையையும் அவர் ஊர் ஊராக, நாடு நாடாக அலைந்துதான் சேர்க்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் இந்தியாவில் ஒரு டபிள்யூ.டி.ஏ. போட்டிகூட கிடையாது.

இங்கே 'வைல்ட் கார்டு' என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். சாதாரணமாக ஒரு போட்டியில் யார் ஆடலாம் என்பதைத் தரவரிசைதான் முடிவு செய்யும். தரவரிசை வேண்டுமென்றால் புள்ளி வேண்டும். புள்ளி வேண்டுமென்றால் போட்டியில் ஆட வேண்டும். போட்டியில் ஆட வேண்டுமென்றால் தரவரிசை வேண்டும்! கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்கிற கதைதான். இந்தச் சுழலை உடைக்க ஒரு குறுக்கு வழி உண்டு. போட்டியை நடத்துபவர்கள் தங்கள் விருப்பப்படி சிலரைத் தரவரிசை பார்க்காமல் உள்ளே விடலாம். அதுதான் வைல்ட் கார்டு. உலகம் முழுவதும் நடத்துபவர்கள் அதைப் பெரும்பாலும் சொந்த நாட்டுப் பிள்ளைகளுக்குத்தான் கொடுப்பார்கள்.

2003 ஹைதராபாத் போட்டியில் பதினாறு வயது உள்ளூர்ப் பெண் ஒருவருக்கு அப்படி ஒரு வைல்ட் கார்டு கிடைத்தது. முதல் சுற்றிலேயே தோற்றார். 2004-ல் அதே போட்டியில் லீசெல் ஹ்யூபருடன் சேர்ந்து இரட்டையர் பட்டத்தை ஜெயித்தார். 2005 பிப்ரவரியில் அதே போட்டியின் ஒற்றையர் இறுதியில் உக்ரைனின் அல்யோனா பொண்டரென்கோவை 6-4, 5-7, 6-3 என்று தோற்கடித்தார். டபிள்யூ.டி.ஏ. ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண். பெயரைச் சொல்லவே வேண்டாம், சானியா மிர்சாதான்.

முதல் ஆண்டு முதல் சுற்றில் தோல்வி, இரண்டாம் ஆண்டு இரட்டையர் பட்டம், மூன்றாம் ஆண்டு ஒற்றையர் பட்டம். மூன்றும் ஒரே ஊரில், ஒரே போட்டியில். திறமை அவருடையது, உழைப்பும் அவருடையது. ஆனால் ஏறிப்போக ஏணி ஒன்று வீட்டு வாசலிலேயே சாத்தி வைக்கப்பட்டிருந்தது.

முதல் செப்டம்பர்: 2005

2005-ல் சானியா அமெரிக்க ஓபனின் நான்காவது சுற்று வரை போய் மரியா ஷரபோவாவிடம் தோற்றுத் திரும்பியிருந்தார். நாடு முழுவதும் அவர் பெயர்தான். அதே செப்டம்பரில் கொல்கத்தாவில் சன்ஃபீஸ்ட் ஓபன் ஆரம்பமானது.

இடம்: நேதாஜி உள்ளரங்கம், ஈடன் கார்டன்ஸ் கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்தில். 1975-ல் நடந்த உலக டேபிள் டென்னிஸ் போட்டிக்காகக் கட்டியது. சுமார் 12,000 பேர் உட்காரலாம். கொல்கத்தாவுக்கு டென்னிஸ் புதிதில்லை. 1920-ல் தொடங்கிய சவுத் கிளப்பின் புல்தரை மைதானங்கள் இந்திய டென்னிஸின் பழைய கோயில் மாதிரி. ஆனால் செப்டம்பர் மழையில் புல்தரையில் சர்வதேசப் போட்டி நடத்த முடியாது. அதனால்தான் டேபிள் டென்னிஸுக்குக் கட்டிய கூரைக்குக் கீழே டென்னிஸ் போனது.

விளம்பரதாரர் யார் தெரியுமா? சன்ஃபீஸ்ட் என்பது ஐ.டி.சி. நிறுவனத்தின் பிஸ்கட். ஐ.டி.சி. 1910-ல் கொல்கத்தாவில் இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி என்ற பெயரில் ஆரம்பித்த சிகரெட் கம்பெனி. சென்னையில் 1997-ல் ஆண்கள் டென்னிஸ் போட்டி வந்தபோது அதன் பெயர் 'கோல்ட் ஃப்ளேக் ஓபன்'. அதுவும் இதே நிறுவனத்தின் சிகரெட்தான். பிறகு புகையிலைப் பொருட்களின் விளம்பரத்தையும் விளையாட்டு ஸ்பான்சரையும் தடுக்கும் சட்டம் 2003-ல் வந்தது. அதே ஆண்டுதான் சன்ஃபீஸ்ட் பிஸ்கட்டும் கடைக்கு வந்தது. அமெரிக்காவில் சிகரெட் பெயரில் ஆரம்பித்த பெண்கள் டென்னிஸ், இந்தியாவில் சிகரெட் கம்பெனியின் பிஸ்கட் பெயரில் கூரைக்குக் கீழே வந்து சேர்ந்தது. வரலாறு இப்படித்தான் சில சமயம் குறும்பு செய்யும்.

அந்த முதல் போட்டிக்குச் சானியா பலத்த போலீஸ் பாதுகாப்போடு வந்தார். அவர் ஆடும்போது அணியும் உடையைப் பற்றி மதகுரு ஒருவர் எதிர்ப்புத் தெரிவித்திருந்த நேரம் அது. பதினெட்டு வயதுப் பெண் பந்தை எப்படி அடிக்கிறார் என்பதை விட்டுவிட்டு, பாவாடை எவ்வளவு நீளம் என்று நாடு விவாதித்துக்கொண்டிருந்தது. கூரை மழையைத் தடுக்கும். இதையெல்லாம் தடுக்குமா?

பட்டத்தை ரஷ்யாவின் அனஸ்தேசியா மிஸ்கினா வாங்கினார். 2004-ல் பிரெஞ்சு ஓபன் ஜெயித்து, கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் ரஷ்யப் பெண் என்று பெயர் எடுத்தவர். இறுதியில் குரோஷியாவின் கரோலினா ஸ்ப்ரெமை 6-2, 6-2 என்று சுலபமாக முடித்தார். அவருடைய பத்தாவது பட்டம் அது. அதற்குப் பிறகு அவருக்குப் பட்டமே கிடைக்கவில்லை. இரட்டையரில் இந்திய வம்சாவளிச் சகோதரிகளான ஷிகா ஓபராய், நேஹா ஓபராய் இருவரும் இறுதி வரை வந்து மிஸ்கினா ஜோடியிடம் தோற்றார்கள்.

இரண்டாம் செப்டம்பர்: 2006

மூன்று ஆண்டுகளில் உச்சம் என்றால் 2006தான். காரணம் மார்ட்டினா ஹிங்கிஸ்.

ஹிங்கிஸ் 16 வயதில், 1997-ல், உலகின் முதல் நிலை வீராங்கனை ஆனவர். ஐந்து கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள். கணுக்கால் வலியால் 2003-ல், 22 வயதிலேயே ஓய்வு அறிவித்துவிட்டார். பிறகு 2006 ஜனவரியில் திரும்பி வந்தார். அந்த மே மாதம் ரோம் நகரில் ஒரு பட்டம். அடுத்த பட்டம் எங்கே? கொல்கத்தாவில்.

அரையிறுதியில் அவர் எதிரில் நின்றது சானியா. அரங்கம் முழுவதும் சானியா பக்கம். ஆனால் ஆட்டம் ஒருபக்கமாகவே போனது. 6-1, 6-0. ஹிங்கிஸ் பலசாலி இல்லை. பந்தை எங்கே வைத்தால் எதிராளிக்கு எட்டாது என்பதை இரண்டு அடிக்கு முன்பே யோசித்து வைத்திருப்பவர். சதுரங்கம் ஆடுபவர் மாதிரி. காற்றும் வெயிலும் குறுக்கிடாத உள்ளரங்கம் அந்த மூளைக்கு வசதியாக இருந்தது. இறுதியில் ரஷ்யாவின் ஓல்கா புச்கோவாவை 6-0, 6-4 என்று தோற்கடித்தார். அது அவருடைய 42-வது ஒற்றையர் பட்டம். 2007 பிப்ரவரியில் டோக்கியோவில் 43-வது கிடைத்தது, அத்தோடு சரி. அந்த ஆண்டு முடிவில் ஊக்கமருந்துப் பரிசோதனை விவகாரத்தில் மறுபடியும் ஆட்டத்தை விட்டு விலகினார்.

சானியாவுக்கு அந்த வாரம் அவமானமா? அப்படிச் சொல்ல முடியாது. ஹ்யூபருடன் சேர்ந்து அதே அரங்கில் இரட்டையர் பட்டத்தை வாங்கினார். அடுத்த வாரமே தென் கொரியாவின் சோல் நகரில் மறுபடியும் ஹிங்கிஸும் சானியாவும் மோதினார்கள். முதல் செட் 4-6 என்று போனது. அடுத்த இரண்டு செட்டும் 6-0, 6-4. ஜெயித்தது சானியா! ஏழே நாளில் ஒரு தோல்வியிலிருந்து இவ்வளவு கற்றுக்கொள்ள முடியும் என்றால், உலகத் தரமான ஒருவரிடம் தோற்கிற வாய்ப்பு எவ்வளவு பெரிய பாடம் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பாடம் அவருக்குக் கொல்கத்தாவிலேயே கிடைத்தது.

மூன்றாம் செப்டம்பர், அப்புறம் ஒன்றுமில்லை

2007-ல் ரஷ்யாவின் மரியா கிரிலென்கோ, உக்ரைனின் மரியா கோரித்சேவாவை 6-0, 6-2 என்று தோற்கடித்துப் பட்டம் பெற்றார். 2008 செப்டம்பரில் கொல்கத்தாவில் ஆட்டம் இல்லை. அதற்குப் பிறகும் இல்லை.

ஹைதராபாத் போட்டி 2005-லேயே முடிந்து, 2006 முதல் பெங்களூருவில் ஒரு திறந்தவெளிப் போட்டி நடந்துகொண்டிருந்தது. 2008-ல் அதைப் பெரிய போட்டியாக உயர்த்தினார்கள். செரீனா வில்லியம்ஸ் வந்து பட்டம் வென்றார். ஆனால் சானியா அதில் ஆடவில்லை. இந்தியாவில் ஆடும்போதெல்லாம் ஏதாவது ஒரு சர்ச்சை கிளம்புகிறது என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். தன்னை ஏற்றிவிட்ட ஏணியிலேயே அவரால் நிம்மதியாகக் கால் வைக்க முடியவில்லை. பெங்களூருப் போட்டியும் அந்த ஆண்டோடு நின்றது.

2009-ல் டபிள்யூ.டி.ஏ. தன் போட்டிகளின் வகைகளையே மாற்றி அமைத்தது. புதிய அட்டவணையில் இந்தியாவுக்கு இடம் இல்லை. இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஒரு டென்னிஸ் போட்டி பெரும்பாலும் அது நடக்கிற ஊருக்குச் சொந்தம் இல்லை. அட்டவணையில் ஒரு வாரத்தில் ஒரு போட்டி நடத்தும் உரிமை என்பது கடைவீதியில் கடை வைக்கும் உரிமை மாதிரி. உரிமையாளர் நினைத்தால் கடையை வேறு தெருவுக்கு மாற்றலாம். சென்னையில் 1997 முதல் 2017 வரை நடந்த ஆண்கள் போட்டி 2018-ல் புனேவுக்குப் போனது, 2024-ல் ஹாங்காங்குக்குப் போனது. ஊர்க்காரர்கள் கைதட்டலாம், டிக்கெட் வாங்கலாம். தடுத்து நிறுத்த முடியாது.

14 ஆண்டு இடைவெளி

2008 பெங்களூருவுக்குப் பிறகு அந்தத் தரத்தில் ஒரு பெண்கள் போட்டி இந்தியாவில் மறுபடி நடந்தது 2022-ல். இடையில் 2012-ல் புனேவிலும் 2017, 2018-ல் மும்பையிலும் அடுத்த தட்டுப் போட்டிகள் நடந்தன. 2017 மும்பையில் பட்டம் வென்றவர் அரினா சபலென்கா. பிறகு உலகின் முதல் நிலைக்குப் போனவர். சின்னப் போட்டி என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்காகச் சொல்வது.

இந்த இடைவெளியில் நடந்ததைக் கணக்குப் பாருங்கள். சானியா 2007-ல் ஒற்றையர் தரவரிசையில் 27-வது இடம் வரை போனார். அவருக்குப் பிறகு, 2025 முடியும் வரை, எந்த இந்தியப் பெண்ணும் ஒற்றையரில் முதல் 100 இடங்களுக்குள் வரவில்லை. அங்கிதா ரெய்னா 2020-ல் 160-வது இடத்தைத் தொட்டார். போட்டி இல்லாததுதான் ஒரே காரணம் என்று சொன்னால் அது பொய். பயிற்சி, பணம், உடல் பலம், பள்ளி, பெற்றோரின் பயம் என்று காரணங்கள் பல. ஆனால் ஏணியை எடுத்துவிட்டு, ஏன் யாரும் மேலே வரவில்லை என்று கேட்பதும் நியாயம் இல்லை.

ஆண்கள் பக்கம் ஒரு உதாரணம். சென்னைப் போட்டியில் 2009-ல் சோம்தேவ் தேவ்வர்மனுக்கு வைல்ட் கார்டு கிடைத்தது. அப்போது அவர் முதல் 200 இடங்களில்கூட இல்லை. முன்னாள் முதல் நிலை வீரர் கார்லோஸ் மோயாவைத் தோற்கடித்து இறுதி வரை போனார். நுங்கம்பாக்கம் அரங்கில் ஆண்களுக்கு இந்த வாசல் 21 முறை திறந்தது. அந்த 21 ஆண்டுகளில் அதே அரங்கில் பெண்களுக்கு அந்தத் தரத்தில் ஒருமுறைகூடத் திறக்கவில்லை.

இந்தோனேசியாவிலும் இதே கதை உண்டு. 2001-ல் பாலித் தீவில் நடந்த டபிள்யூ.டி.ஏ. போட்டியில் ஏஞ்சலிக் விட்ஜாஜா என்ற 16 வயது உள்ளூர்ப் பெண் வைல்ட் கார்டில் நுழைந்து பட்டத்தையே ஜெயித்துவிட்டார். அந்தப் போட்டியின் விளம்பரதாரரும் ஒரு சிகரெட் கம்பெனிதான்!

நுங்கம்பாக்கத்தில் மழை

2022 செப்டம்பரில் சென்னை ஓபன் என்ற பெயரில் பெண்கள் போட்டி தமிழ்நாட்டுக்கு வந்தது. சீனாவில் நடக்க வேண்டிய போட்டிகள் நடக்காததால் அந்த ஆண்டு அட்டவணையில் இடம் இருந்தது. 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய நுங்கம்பாக்கம் அரங்கம் மறுபடி விளக்குப் போட்டுக்கொண்டது. செக் நாட்டின் 17 வயது லிண்டா ஃப்ருவிர்தோவா இறுதியில் போலந்தின் மாக்தா லினெட்டை 4-6, 6-3, 6-4 என்று தோற்கடித்தார். இந்தியாவின் கர்மன் கவுர் தாண்டி வைல்ட் கார்டில் வந்து, தன்னைவிடத் தரவரிசையில் வெகுவாக மேலே இருந்த பிரான்சின் க்ளோயி பாக்கேவை முதல் சுற்றில் ஜெயித்தார். வாசல் திறந்த உடனே ஒருவர் உள்ளே வந்துவிட்டார் பாருங்கள்.

2023-ல் போட்டி இல்லை. 2024-லும் இல்லை. 2025 அக்டோபர் கடைசியில் மறுபடி வந்தது. வந்த நேரம் வடகிழக்குப் பருவமழை. வங்கக் கடலில் புயல் வேறு. நுங்கம்பாக்கத்தில் கூரை கிடையாது. முதல் நாட்களில் மழை ஆட்ட அட்டவணையைப் புரட்டிப்போட்டது. ஒருவழியாக நவம்பர் 2-ம் தேதி இறுதி ஆட்டம் நடந்து, இந்தோனேசியாவின் ஜானிஸ் ட்ஜென் ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பிர்ரலை 6-4, 6-3 என்று தோற்கடித்தார். விட்ஜாஜாவுக்குப் பிறகு, 2002-க்கு அடுத்து, டபிள்யூ.டி.ஏ. ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இந்தோனேசியப் பெண் இவர்தான்.

இதற்கிடையில் 2025 பிப்ரவரியில், மும்பையில் நடந்த அடுத்த தட்டுப் போட்டியில், கோயம்புத்தூரைச் சேர்ந்த 15 வயது மாயா ராஜேஸ்வரன் ரேவதி தகுதிச் சுற்றிலிருந்து அரையிறுதி வரை போனார். நிருபமாவின் ஊர்தான். 1998-ல் நிருபமாவுக்கு இல்லாத ஒன்று மாயாவுக்குக் கிடைத்தது. விசா வாங்காமல், விமான டிக்கெட்டுக்குக் கடன் வாங்காமல், ரயிலில் போய்ச் சேரும் தூரத்தில் ஒரு சர்வதேசப் போட்டி.

மறுபடியும் கூரைக்குக் கீழே

நேதாஜி அரங்கத்தின் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. 2006-ல் அங்கே எதிரெதிரே நின்ற ஹிங்கிஸும் சானியாவும் ஒன்பது ஆண்டுகள் கழித்து ஒரே பக்கத்தில் நின்றார்கள். 2015-ல் இருவரும் சேர்ந்து விம்பிள்டன் இரட்டையர், அமெரிக்க ஓபன் இரட்டையர் பட்டங்களை வென்றார்கள். அந்த ஆண்டின் கடைசிப் போட்டி சிங்கப்பூர் உள்ளரங்கில். நம் ஆட்கள் நிறைய இருக்கிற ஊர், தமிழ் ஆட்சிமொழியாக இருக்கிற ஊர். அங்கே இறுதியில் ஸ்பெயின் ஜோடியை 6-0, 6-3 என்று தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கினார்கள். கொல்கத்தாவின் கூரைக்குக் கீழே 6-1, 6-0 என்று தோற்ற பெண், சிங்கப்பூரின் கூரைக்குக் கீழே தன்னைத் தோற்கடித்தவருடனேயே சேர்ந்து ஜெயித்தார்.

அதிலிருந்து மதுரைக்கு என்ன என்று கேட்கலாம். மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் புதிதாக சர்வதேச ஹாக்கி அரங்கம் கட்டி, 2025 நவம்பர், டிசம்பரில் ஜூனியர் உலகக்கோப்பை ஆட்டங்களைச் சென்னையோடு சேர்த்து நடத்தினார்கள். சர்வதேசப் போட்டி என்றால் சென்னைதான் என்ற நினைப்பு அங்கே உடைந்தது. அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரையில் ஜல்லிக்கட்டுக்கே தனி அரங்கம் 2024-ல் வந்துவிட்டது. மதுரை மனது வைத்தால் அரங்கம் வரும்.

டென்னிஸுக்கும் உடனே ஒரு பெரிய அரங்கம் வேண்டும் என்பதில்லை. கூரை போட்ட இரண்டு மைதானங்கள், ஆண்டுக்கு ஒரு வாரம் பெண்களுக்கான சின்ன அளவு சர்வதேசப் போட்டி, அதில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இரண்டு வைல்ட் கார்டு. அவ்வளவு போதும், ஆனால் மூன்று ஆண்டோடு நிற்கக்கூடாது. சானியாவுக்கு முதல் சுற்றுத் தோல்வியிலிருந்து பட்டம் வரை போக ஹைதராபாத்தில் மூன்று போட்டிகள் தேவைப்பட்டன. கொல்கத்தா மூன்று செப்டம்பரோடு கடையைச் சாத்திவிட்டது. அங்கே 2007-ல் முதல் சுற்றில் தோற்ற யாருக்கும் அடுத்த செப்டம்பர் கிடைக்கவில்லை.

முதல் சுற்றில் தோற்பது பெரிய விஷயம் இல்லை. அடுத்த ஆண்டு அதே ஊரில் மறுபடி தோற்கவாவது ஒரு போட்டி இருக்க வேண்டும். அதுதான் விஷயம்.